யார் உலையில் வெந்தது உங்கள் பண்பாடு?

பண்பாட்டுமயமாதல் என்ற சொல்லை இன்று இரண்டு தரப்பார் விரும்பிப் பேசுகிறார்கள். ஒரு தரப்பு திருச்சபை. நற்செய்தி ஐரோப்பியச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இந்த மண்ணின் உடையை உடுத்த வேண்டும் என்கிறது. இன்னொரு தரப்பு சங் பரிவாரம். கிறிஸ்தவர்கள் யாரை வேண்டுமானாலும் கும்பிடட்டும், ஆனால் இந்தியப் பண்பாட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்கிறது. இருவரும் ஒருவரை ஒருவர் எதிரி என்றே நினைக்கிறார்கள். ஆனால் 'இந்த மண்ணின் பண்பாடு' என்று சொல்லும்போது இருவர் மனதிலும் ஓடுவது ஒரே படம்தான். காவித் துணி, குத்துவிளக்கு, ஆரத்தி, சைவச் சாப்பாடு, சமஸ்கிருத மந்திரம். இந்தப் பட்டியலில் மாட்டுக்கறி வராது. பறை வராது, வந்தாலும் விழா மேடையில் கால்மணி நேரம் வந்துவிட்டுப் போகும். சேரி வராது.

எந்த மண்? யாருடைய பண்பாடு? இந்தக் கேள்வியைச் சேலம், நாமக்கல் சமவெளியில் நின்று கேட்கிறேன். நான் பிறந்தது இங்கே. என் முனைவர் பட்ட ஆய்வும் இந்தப் பகுதியின் மிஷன் வரலாறுதான். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பண்பாட்டுமயமாதலின் தந்தை என்று உலகத் திருச்சபை கொண்டாடும் மனிதர் 400 ஆண்டுகளுக்கு முன் இந்தச் சமவெளி வழியாகத்தான் நடந்து போனார்.

சேந்தமங்கலம் வழியாக வந்தவர்

ராபர்ட் தெ நொபிலி இத்தாலியப் பிரபுக் குடும்பத்தில் 1577இல் பிறந்த இயேசு சபைத் துறவி. 1606இல் மதுரைக்கு வந்தார். அவருக்கு முன்பே அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் பதினோரு ஆண்டுகள் ஊழியம் செய்துகொண்டிருந்தார். கடற்கரையிலிருந்து வந்து தங்கிய பரதவக் கிறிஸ்தவர்கள்தான் அவருடைய சபை. மதுரை நகரத்தார் யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. ஏன்? அவர் 'பரங்கி'.

பரங்கி என்பது வெறும் வெள்ளைக்காரனைக் குறித்த சொல் அல்ல. மாடு தின்பவன், குடிப்பவன், தீட்டுப் பார்க்காமல் கீழ்சாதியோடு புழங்குபவன் என்ற மூன்று வசவும் அந்தச் சொல்லுக்குள் இருந்தன. பாருங்கள், இந்த மூன்றில் ஒன்றுகூட மதக் கொள்கை பற்றியதல்ல. பரங்கியின் கடவுளோடு மதுரையின் மேல்சாதிக்காரர்களுக்குச் சண்டை இல்லை. அவனுடைய சமையலறையோடுதான் சண்டை.

நொபிலி இதைச் சரியாகப் புரிந்துகொண்டார். புரிந்துகொண்ட பிறகு அவர் எதை மாற்றினார் என்பதுதான் நம் கேள்வி. கறுப்பு அங்கியைக் கழற்றிக் காவி உடுத்தினார். தோல் செருப்பை விட்டு மரப் பாதுகையில் நடந்தார். இறைச்சியை விட்டார். பார்ப்பனச் சமையற்காரரை வைத்துக்கொண்டார். பூணூல் அணிந்தார். நான் பரங்கி அல்ல, ரோமாபுரியில் அரச குலத்தில் பிறந்த சந்நியாசி என்று ஓலையில் எழுதி அறிவித்தார். பெர்னாண்டசின் கோயிலோடு தன் ஆட்கள் கலந்துவிடாதபடி தனியாகக் கோயில் கட்டினார். தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார்.

1623இல் அவர் மதுரையை விட்டு வடக்கே புறப்பட்டார். திருச்சி வந்து, அங்கிருந்து சேந்தமங்கலம். இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் அதே சேந்தமங்கலம்தான். அங்கே ஆண்ட ராமச்சந்திர நாயக்கர் அவரை மரியாதையோடு வரவேற்றார். பிறகு சேலம் போனார். சேலத்து ஆட்சியாளரின் அண்ணன் திருமங்கல நாயக்கர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார். எங்கள் பகுதிக் கிறிஸ்தவ வரலாற்று நூல்கள் இந்த நிகழ்ச்சியிலிருந்துதான் தொடங்கும். ஒரு நாயக்கரின் அரண்மனையிலிருந்து.

அந்த அரண்மனைக்கு வெளியே, ஊருக்குக் கிழக்கேயும் தெற்கேயும் குடிசைகளில் இருந்தவர்களுக்கு அப்போது யார் என்ன சொன்னார்கள்? இந்தக் கேள்விக்கு அந்த நூல்கள் பக்கம் ஒதுக்குவதில்லை.

'சாதி வெறும் சமூக வழக்கம்'

பூணூலும் குடுமியும் சந்தனமும் சிலை வழிபாடு அல்லவா என்று நொபிலியின் எதிரிகள் கேட்டார்கள். கோவாவில் விசாரணை நடந்தது. விவகாரம் ரோம் வரை போனது. நொபிலி சொன்ன பதில் மிகவும் கெட்டிக்காரத்தனமானது. இவை மத அடையாளங்கள் அல்ல, சமூக அடையாளங்கள் என்றார். ஐரோப்பாவில் பிரபுவுக்கு ஒரு உடை, வணிகனுக்கு ஒரு உடை இருப்பதுபோல இங்கே பார்ப்பனருக்குப் பூணூல். அதில் மதம் இல்லை, அந்தஸ்து மட்டுமே இருக்கிறது. ஆகவே கிறிஸ்தவனான பிறகும் அதை அணியலாம்.

1623 ஜனவரி 31இல் போப் பதினைந்தாம் கிரகோரி இதை ஏற்று அனுமதி கொடுத்தார். மதம் மாறும் பார்ப்பனர்கள் தங்கள் குல அந்தஸ்தின் அடையாளமாகப் பூணூலையும் குடுமியையும் வைத்துக்கொள்ளலாம் என்றார்.

தோழர்களே, இந்த வாதத்தை மெதுவாக ஒருமுறை திரும்பிப் படியுங்கள். அதில் மதம் இல்லை, அந்தஸ்துதான் இருக்கிறது என்கிறார்கள். பூணூலைப் பற்றி அம்பேத்கரும் பெரியாரும் சொன்னதும் ஒருவகையில் இதுதானே! அது பக்தியின் நூல் அல்ல, மேல் கீழின் நூல். நம் தலைவர்கள் அதனால்தான் அதை அறுக்கச் சொன்னார்கள். நொபிலி அதையே காரணமாக வைத்து அதைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். சிலை வழிபாடு பாவம், அதை விட வேண்டும். மனிதனை மனிதன் தீண்டாமல் இருப்பது பழக்கவழக்கம், அது இருந்துவிட்டுப் போகட்டும். இறையியலின் வடிகட்டியில் வேப்பிலை சிக்கிக்கொண்டது, தீண்டாமை தாராளமாக இறங்கிவிட்டது.

விளைவு உடனே தெரிந்தது. பார்ப்பனச் சந்நியாசி வேடத்தில் இருந்த சாமியார் சேரிக்குள் போக முடியாது. போனால் வேடம் கலைந்துவிடும். அதனால் 1640இல் இன்னொரு வகைச் சாமியாரை உருவாக்கினார்கள். பல்தசார் தா கோஸ்தா பண்டாரசாமியாக வேடம் பூண்டார். மேல்சாதிக்குச் சந்நியாசி, கீழ்சாதிக்குப் பண்டாரம். ஒரே சபை, ஒரே நம்பிக்கை, ஒரே ஞானஸ்நானம்; சாமியார் மட்டும் இரண்டு.

போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் இந்த மிஷனின் வழக்கங்களை விசாரித்து 1704இல் ஒரு ஆணை வெளியிட்டார். அதில் ஒரு விதி, சாகக் கிடக்கும் பறையரின் வீட்டுக்குள் போய்ப் பாதிரியார்கள் அருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்பது. ஒரு பாதிரியாருக்கு இதை ஆணை போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது! அந்த ஆணையையும் எதிர்த்தார்கள். நாங்கள் சேரி வீட்டுக்குள் போனால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் எங்களை விட்டுப் போய்விடுவார்கள் என்றார்கள். நாற்பது ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1744இல் பதினான்காம் பெனடிக்ட் காலத்தில் ஒரு சமரசம் வந்தது. பறையர்களுக்கென்றே தனியாகச் சில பாதிரியார்களை ஒதுக்குவது என்று முடிவாயிற்று. தீண்டாமையை ஒழிக்கச் சொன்னால் தீண்டாமைக்கு ஒரு தனித் துறை திறந்தார்கள்.

மூன்று சமாதானங்கள்

இதைப் பேசினால் என்ன பதில் வரும் என்பது எனக்கு மனப்பாடம். கருத்தரங்குகளில் பல முறை கேட்டாயிற்று.

முதல் பதில்: நொபிலி தமிழுக்குச் செய்த தொண்டைப் பாருங்கள். செய்தார், மறுக்கவில்லை. தமிழ் உரைநடையின் தொடக்க காலத்தில் 'ஞானோபதேசம்' போன்ற நூல்களை எழுதினார். ஆனால் உரைநடை எழுதியவர் என்பதால் உலைநடையைக் கேட்கக்கூடாதா? யார் கையால் தின்றார், யார் வீட்டுக்குள் போகவில்லை என்று ஒரு சேரிக்காரன் கேட்டால், அவர் நல்ல தமிழ் எழுதினாரே என்பது பதிலாகாது.

இரண்டாம் பதில்: அது உத்தி. மேல்சாதியை முதலில் மாற்றினால் மற்றவர்கள் தானாக வருவார்கள். நடந்தது என்ன? பார்ப்பனர்கள் ஒரு சிலரே வந்தார்கள். திரளாக வந்தவர்கள் சூத்திரரும் பறையரும்தான். பிறகு 1876-78 பஞ்சத்தில் சேலம் மாவட்டம் செத்து மடிந்த காலத்திலும் அதற்குப் பிறகும் தமிழகமெங்கும் சேரிகள் கூட்டம் கூட்டமாக மதம் மாறின. யாருக்காக வேடம் போட்டார்களோ அவர்கள் வரவில்லை. யாருக்காக ஒருவரும் வேடம் போடவில்லையோ அவர்கள் வந்தார்கள். வந்தவர்களுக்குக் கிடைத்தது, வராதவர்களின் மனம் நோகக்கூடாதென்று ஏற்கெனவே போட்டுவைத்த சாதி ஏற்பாடு. மிஷன்கள் பார்ப்பனரையே துரத்திக்கொண்டு போய்த் தீண்டப்படாதவர்களைக் கைவிட்டன என்று அம்பேத்கர் எழுதியதற்கு இந்த மாநிலத்தைவிட நல்ல சாட்சி கிடையாது.

மூன்றாம் பதில்: அந்தக் காலத்தை இந்தக் கால அளவுகோலால் அளக்காதீர்கள். சரி, அந்தக் கால அளவுகோலாலேயே அளப்போம். தூர்னோன் 1704இல் கண்டித்தார். அவர் புரட்சிக்காரர் அல்ல, போப்பின் தூதர். 1850இல் சென்னையில் கூடிய புராட்டஸ்டன்ட் மிஷனரி மாநாடு, சாதியை விட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது என்று முடிவெடுத்தது. எந்தச் சாதியார் சமைத்திருந்தாலும் அதைச் சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று சோதனை வைத்தது. சேலத்தில் 1827 முதல் ஊழியம் செய்துவந்த லண்டன் மிஷன் சாதி விஷயத்தில் கண்டிப்பான இந்தப் பக்கத்தில் நின்றது. லைப்சிக் லுத்தரன் மிஷன் சேர மறுத்தது. ஆக, அந்தக் காலத்திலும் இரண்டு வழிகள் இருந்தன. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அந்த மிஷனரிகள் எல்லாம் சமத்துவவாதிகள் என்று நான் சொல்லவில்லை. காலனியக் கர்வத்தோடு மேலிருந்து திணித்தார்கள். கிராமத்துக்குள் சோதனை பல இடங்களில் சடங்காகச் சுருங்கியது. ஆனால் அவர்கள் ஒன்றைச் சரியாகப் பிடித்தார்கள். சாதி உட்கார்ந்திருக்கும் இடம் உடையில் இல்லை, உலையில்.

இந்தச் சமவெளியின் 'பண்பாடு'

உள்ளூர்ப் பண்பாட்டை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்பவர்கள் எங்கள் உள்ளூரை வந்து பார்க்க வேண்டும்.

2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் 'மாதொருபாகன்' நாவலை எரித்தார்கள். எங்கள் பண்பாட்டை இழிவுபடுத்திவிட்டான் என்றார்கள். ஆறே மாதத்தில், 2015 ஜூனில், அதே திருச்செங்கோட்டு மலைக்கோயிலில் வேறு சாதித் தோழியோடு பேசிக்கொண்டிருந்த ஓமலூர் இளைஞர் கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். அடுத்த நாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் அவர் உடல் கிடந்தது. அவர் தலித், பொறியியல் பட்டதாரி. 2022இல் மதுரை நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. கொன்றவர்களும் பண்பாட்டைக் காப்பாற்றியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கே பண்பாடு என்ற சொல் எப்போதும் யாரோ ஒருவனை எங்கோ வரக்கூடாது என்று சொல்வதற்கே பயன்படுகிறது. அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு அதற்குள் நற்செய்தியைப் பொருத்தினால் என்ன கிடைக்கும்? ஊரும் சேரியும் அப்படியே இருக்கும். ஊர்க் கோயில் இருந்த இடத்தில் ஊர்ச் சர்ச் இருக்கும். 

இது கற்பனை அல்ல. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் வெள்ளாளரும் நாடாரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பூசை காண்பதற்காகக் கால்சட்டை வடிவத்தில் இரட்டைக் கூடமாக ஒரு தேவாலயமே கட்டினார்கள். 1910இல் நடுச்சுவரை இடித்தபோது மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சுவர் வேண்டும் என்று வழக்கு! திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவர்களுக்கிடையே சுவர். எங்கள் மாவட்டத்துக்குக் கிழக்கே, இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். அதற்காக 2008 மார்ச்சில் வன்னியக் கிறிஸ்தவர்கள் அவர்களைத் தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள். எறையூர் தேவாலயத்தில் பூணூல் கிடையாது, நொபிலியின் பாதுகையும் கிடையாது. வேடம் போய்விட்டது. வேடத்துக்குள் ஒளித்துக் கொண்டுவந்த சரக்கு அப்படியே இருக்கிறது.

காவி மறுபடியும் வந்தது

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு இந்தியத் திருச்சபை தன்னை இந்தியமயமாக்கக் கிளம்பியது. நல்ல விஷயம்தான். எங்கள் பாட்டிக்குப் புரியாத லத்தீனில் பூசை நடந்த காலம் முடிந்தது. அதை யாரும் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் 1969இல் ஆயர்கள் கேட்டு ரோம் அனுமதித்த 12 மாற்றங்களைப் பாருங்கள். தரையில் உட்காரலாம், கைகூப்பி வணங்கலாம், அங்கவஸ்திரம் போடலாம், தட்டு வைக்கலாம், எண்ணெய் விளக்கு ஏற்றலாம், ஆரத்தி எடுக்கலாம். இந்தியா என்று யோசித்தவுடன் அவர்களுக்குக் கோயில் கருவறை நினைவுக்கு வந்தது. நாங்கள் பல தலைமுறையாக நுழைய விடப்படாத கருவறை.

மோகனூரிலிருந்து காவிரியோடு கீழே போனால் குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளி வரும். அங்கே 1950இல் மோன்ஷனன், லெ சோ என்ற இரு பிரெஞ்சுத் துறவிகள் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். காவி, மரக்கறி, உபநிடதம், சிலுவையோடு ஓம். அவர்கள் பஞ்சப் பரதேசிகளாகவே வாழ்ந்தார்கள். அவர்களுடைய எளிமையை நான் கேலி செய்யவில்லை. ஆனால் இந்தியாவின் ஆன்மாவைத் தேடிக் கடல் கடந்து வந்தவர்கள், காவிரிக் கரையில் நெல் நட்டுக்கொண்டிருந்த பள்ளர், பறையர் தெருக்களில் அதைத் தேடவில்லை, வேதாந்தத்தில் தேடினார்கள். நொபிலி உத்திக்காகப் போட்ட காவியை இவர்கள் உண்மையான நம்பிக்கையோடு போட்டார்கள். நோக்கம் வேறு, இந்தியா என்றால் பார்ப்பனியம் என்ற கணக்கு ஒன்றே.

அரசாணையின் தலைகீழ்க் கணக்கு

இப்போது என் சொந்தக் கணக்குக்கு வருகிறேன். இதில் எனக்கு இருப்பது ஆய்வு ஆர்வம் மட்டுமல்ல.

எங்கள் தெருவில் என் சித்தப்பா வீடும் எங்கள் வீடும் ஒரே சுவரைப் பங்குபோட்டு நிற்கின்றன. தாத்தா காலத்தில் பாதிக் குடும்பம் ஞானஸ்நானம் பெற்றது, பாதி பெறவில்லை. தம்பி கையில் இந்து ஆதிதிராவிடர் என்று சான்றிதழ் இருக்கிறது. அவன் பட்டியல் சாதி. என் கையில் கிறிஸ்தவ ஆதிதிராவிடர் என்று இருக்கிறது. நான் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. எந்தத் தலைமுறையில் மாறியிருந்தாலும் அதே வகுப்புதான் என்பது தமிழக அரசின் பட்டியல். ஊர்க்காரன் எங்கள் இருவரையும் ஒரே பெயரில்தான் கூப்பிடுவான். அந்தப் பெயரைச் சொல்லி அடித்தால் தம்பிக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு. எனக்கு இல்லை. பட்டியல் சாதி மாணவர்களுக்கான ஆய்வு உதவித்தொகைக்கு நான் விண்ணப்பிக்கப் போன ஒரு அலுவலகத்தில், 'கிறிஸ்டியன்ல ஏதுப்பா சாதி?' என்று சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார்கள்.

இது 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி செய்யும் வேலை. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது அது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்றும் மூடியே இருக்கிறது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்தத் தடையை நீக்கச் சொன்னது. 2022இல் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மறுபடியும் ஒரு ஆணையம் போட்டது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. பத்தி அப்படியே இருக்கிறது.

இப்போது இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1623இன் ரோமாபுரிக் கணக்கு: சாதி மதம் அல்ல, ஆகவே கிறிஸ்தவத்துக்குள் வரலாம். 1950இன் டெல்லிக் கணக்கு: சாதி இந்து மதம், ஆகவே கிறிஸ்தவத்துக்குள் வர முடியாது. ஒன்று மற்றொன்றின் தலைகீழ். ஒன்று உண்மையானால் மற்றொன்று பொய்யாக வேண்டும். ஆனால் இரண்டும் சேர்ந்து ஒரே ஆளின் தலையில்தான் விடிந்திருக்கின்றன. முதல் கணக்கின்படி எங்களுக்குச் சாதி வந்தது. இரண்டாம் கணக்கின்படி சாதிக்கான நிவாரணம் வராமல் போனது. தீண்டாமை உண்டு, ஆனால் தீண்டப்படாதவன் இல்லை என்ற விந்தையான நிலை, உலகத்தில் வேறு யாருக்கு வாய்த்திருக்கிறது?

இதில் சங் பரிவாரம் குளிர்காய்கிறது. மதம் மாறினால் சமத்துவம் என்றீர்களே, அப்புறம் எதற்கு இடஒதுக்கீடு என்று கேட்கிறது. அவர்களுக்கு ஒரே பதில்தான். சர்ச்சில் இருக்கும் சாதி ரோமிலிருந்து கப்பலில் வந்ததல்ல. நீங்கள் 'நம் பண்பாடு' என்று போற்றுகிறீர்களே, அதைத் தழுவிக்கொண்டதால் வந்தது. நீங்கள் கிறிஸ்தவர்களிடம் இன்று கேட்கும் இந்தியமயத்தை நொபிலி 400 ஆண்டுகளுக்கு முன்பே செய்து முடித்துவிட்டார். அதன் விலையைத்தான் நாங்கள் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஒரே உலை

அப்படியானால் மண்ணோடு ஒட்டவே கூடாதா? லத்தீனுக்கும் கோட்டு சூட்டுக்கும் திரும்ப வேண்டுமா? இல்லை. ஒட்ட வேண்டும். எந்த மண்ணோடு என்பதுதான் பிரச்சினை.

சேந்தமங்கலத்துக்கு 1623க்குப் பிறகு இன்னொரு மிஷனரியும் வந்தார். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்ட், 1913இல் மனைவி ஈவ்லினோடு கொல்லிமலை ஏறி மலையாளிப் பழங்குடிகளிடையே குடியேறினார். தொழுநோய் அறுவை மருத்துவத்தில் உலகப் புகழ்பெற்ற பால் பிராண்ட் அவர்களுடைய மகன்தான். ஜெஸ்ஸி காவி உடுத்தவில்லை, உபநிடதம் படிக்கவில்லை. காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார், புண் கழுவினார், பள்ளி நடத்தினார், தச்சு வேலை கற்றுக்கொடுத்தார். 1929இல் மலைக் காய்ச்சலிலேயே செத்தார். அவருக்கும் காலனிய காலத்துக் குருடு இருந்திருக்கும். அதை ஆய்வாளர்கள் எழுதட்டும். ஆனால் மனிதனுடைய புண்ணைத் தொட்டவருக்கு அந்த மண்ணில் அந்நியர் என்ற பெயரை நீக்க வேடம் தேவைப்படவில்லை.

இதைவிட நமக்கு நெருக்கமானவர் ஜேம்ஸ் தியோபிலஸ் அப்பாவு. 'பரட்டை' என்று தனக்கே பெயர் வைத்துக்கொண்டவர். மதுரை அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்தார், 2005இல் மறைந்தார். கர்நாடக இசைக் கீர்த்தனைதான் தமிழ்க் கிறிஸ்தவ இசை என்றிருந்த இடத்தில் கிராமத்து மெட்டையும் பறையையும் சேரிப் பேச்சையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். அவருடைய இறையியலின் மையச் சொல் 'ஒரே உலை'. அவரவர் வீட்டு அரிசியை ஒரே உலையில் போட்டுப் பொங்கி ஒன்றாக உட்கார்ந்து தின்பதுதான் திருவிருந்து என்றார்.

நொபிலியின் பார்ப்பனச் சமையற்காரரையும் பரட்டையின் ஒரே உலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் பண்பாட்டுமயமாதல்தான். இரண்டும் இந்த மண்ணில் விளைந்ததுதான். ஒன்று இந்த மண்ணின் சாதியை எடுத்துக்கொண்டது. மற்றது இந்த மண்ணின் சாதி எதிர்ப்பை எடுத்துக்கொண்டது. பண்பாடு என்பது ஒற்றைக் கட்டி அல்ல, அதற்குள் ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கிறது. அதில் எந்தப் பக்கம் என்று சொல்லாத எந்தப் பண்பாட்டுமயமாதலும் வலுத்தவன் பக்கம்தான்.

இப்போது பல பங்குகளில் பொங்கல் விழாவுக்குப் பறை அடிக்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் பறை உள்ளே வந்ததா, பறையர் உள்ளே வந்தாரா என்று கேட்க வேண்டும். இந்திய ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கையே சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டவர்களிடம் கேட்க வேண்டியவை தெளிவானவை. ஒவ்வொரு மறைமாவட்டமும் கல்லறைச் சுவர், தனிப் பாதை, தேர் போகாத தெரு ஆகியவற்றின் பட்டியலை வெளியிட வேண்டும். குருக்கள், அருட்சகோதரிகள், சபை நடத்தும் பள்ளி கல்லூரி ஆசிரியர்கள் ஆகியோரில் தலித்துகள் எத்தனை பேர் என்ற கணக்கை வெளியிட வேண்டும். தலித் தெருவுக்குள் தேர் போக முடியாத ஊரில் தேரே ஓடக்கூடாது. சாதி பார்க்கும் பங்கில் பூசை நிறுத்தப்பட வேண்டும். மணமுறிவுக்கும் கருக்கலைப்புக்கும் அத்தனை கடுமை காட்டும் சபைக்குத் தீண்டாமைக்கு மட்டும் ஏன் கை நடுங்குகிறது?

இளம் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1944இல் நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறியது இதே சேலத்தில்தான். அந்த மரபில் வந்தவர்கள் நாம் என்று பெருமைப்படுகிறோம். ஆனால் சிறுபான்மையினர் விவகாரம், நாம் தலையிட்டால் சங்கிகளுக்குத் தீனியாகிவிடும் என்று சர்ச் சாதியைப் பேசாமல் நழுவுகிறோம். அந்த மௌனம் சிறுபான்மையினரைக் காப்பாற்றவில்லை. சிறுபான்மைக்குள் இருக்கும் பெரும்பான்மைச் சாதியைக் காப்பாற்றுகிறது. 1950 ஆணையின் மூன்றாம் பத்தியை நீக்கு என்ற கோரிக்கையும் கல்லறைச் சுவரை இடி என்ற கோரிக்கையும் ஒரே துண்டறிக்கையில் வர வேண்டும். ஒன்றை விட்டு மற்றதைப் பேசுகிறவர் ஒன்று டெல்லிக்கு வக்கீல், அல்லது ஆயர் இல்லத்துக்கு வக்கீல்.

நற்செய்தி இந்த மண்ணில் வேரூன்றிவிட்டதா என்று இனி யாராவது கேட்டால் உடையைக் காட்டாதீர்கள், விளக்கைக் காட்டாதீர்கள், ராகத்தைக் காட்டாதீர்கள். பெருநாளன்று உங்கள் பங்கில் யார் சமைத்தார், அதை யாரெல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.